பிராணவாயு அறையும் பெரியவர்களின் கால்புண்ணும்



பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்த நம் பெரியவர்களில் பலருக்கு இனிப்புநீர் இருக்கிறது. காலில் முள் தைத்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. கண்டுபிடிக்கும்போது புண் ஆழமாகிவிடுகிறது. மாதக்கணக்கில் மருந்து கட்டியும் ஆறாத புண்ணுக்குப் 'பிராணவாயு அறை' என்றொரு சிகிச்சை உண்டு. அதே அறையில் படுத்தால் ஞாபகமறதி போகும், முதுமையே குறையும் என்று விளம்பரம் செய்வோரும் இருக்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றல்ல.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களே அதைச் சுமந்து செல்கின்றன. இனிப்புநீரால் இரத்தக் குழாய்கள் பழுதுபட்டால், கால்விரலுக்கு அது போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. இங்கே சோடாப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி அடைத்திருப்பதால்தான் வாயு தண்ணீரில் கரைந்து நிற்கிறது. மூடியைத் திறந்தால் பொங்குகிறது. அதுபோலவே, காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக்கிய அறையில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே அது மிகுதியாகக் கரைகிறது. 1960-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் டாக்டர் பூரெமா, சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட பன்றிகளை இத்தகைய அறையில் உயிருடன் வைத்துக் காட்டினார்!

நம் நாட்டில் லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் இவ்வசதி உண்டு. கடலில் மூழ்கி வேலை செய்வோருக்கு வரும் நோய்க்கும் இதுவே சிகிச்சை. ஒரு தடவைக்குச் சுமார் 90 நிமிடம். புண்ணுக்கு 30, 40 தடவைகூடத் தேவைப்படலாம். ஆனால் இது துணைச் சிகிச்சைதான். இனிப்பைக் கட்டுப்படுத்துவது, அழுகிய சதையை நீக்குவது, அடைபட்ட பெரிய குழாயைத் திறப்பது ஆகியவற்றை விட்டுவிட்டு அறைக்குள் மட்டும் படுத்துப் பயனில்லை.

முதுமைக்கு வருவோம். 2020-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், 64 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 60 தடவை இச்சிகிச்சை அளித்தார்கள். வயதாக ஆகக் குறுகும் குரோமோசோம் நுனிகள் அவர்களுடைய இரத்த அணுக்களில் நீண்டிருந்தன. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவர்களின் ஆயுள் கூடியதாகவும் காட்டவில்லை. மறதி நோய்க்கும் பக்கவாதத்திற்கும் இது பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-லேயே மக்களை எச்சரித்தது. பாட்டியின் சங்கிலியை அடகு வைத்து இளமை வாங்கப் போவது வீண் செலவு என்பதே நம் கருத்து.

புண்ணுக்காக டாக்டரே அனுப்பினால், நுரையீரல் நோய், காதுக் கோளாறு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறைக்குள் இரத்தத்தில் இனிப்பு திடீரென இறங்கக்கூடும். ஆகையால் வெறும் வயிற்றோடு போகலாகாது. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டும் போகலாகாது. பிராணவாயு மிகுந்த இடத்தில் ஒரு சிறு பொறியே பெருந்தீயாகிவிடும்.