சிவப்புக் கோட்டும் திருநீறும்

அயல்நாட்டில் சிலருக்கு ஒரு விசித்திரப் பொழுதுபோக்கு. வாரம் முழுவதும் ஆபீசிலும் கடையிலும் உழைத்துவிட்டு, விடுமுறை வந்ததும் இருநூறு வருஷத்துக்கு முந்திய பட்டாளத்துச் சிப்பாயாக மாறிவிடுகிறார்கள்! அமெரிக்காவில் 1962-இல் இதற்கென்றே 'பிரிகேட் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' என்று ஒரு சங்கம் தோன்றியது. சேருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கைக்காசுதான் செலவு. கோட்டின் துணியும் தையலும் அந்தக் காலத்து மாதிரியே இருக்க வேண்டும். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கவாத்துப் பழக வேண்டும். பெண்களும் சேரலாம், கூடாரத்துக்குப் பக்கத்தில் விறகு மூட்டிச் சமைக்கலாம். (வீட்டில் சமைப்பது போதாதா என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது!)

இப்படி ஒரு கோஷ்டி நம் திருத்தணியில் கிளம்பினால்? இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்தச் சுற்றுவட்டாரமே பட்டாளம் மிதித்த மண். 1780-இல் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை கொசஸ்தலையாற்று வெள்ளத்தில் பல நாள் தடைப்பட்டுக் கிடந்தது. பிறகு செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கிச் சின்னாபின்னமாயிற்று. மறு வருஷம் சோளிங்கரில் ஹைதரை ஜெனரல் கூட் வென்றார். கம்பெனிப் படை என்றாலும் அதில் பெரும்பாலோர் நம்மவர்களே.

ஆகவே, இங்கே சேருகிற எல்லோரும் துரை வேஷம்தான் வேண்டும் என்றால் நடக்காது. பெரும்பாலோர் சிப்பாயாகத்தான் நிற்க வேண்டும். சங்கடமும் அங்கேதான். 365 படியேறி முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு இறங்கி வருகிறவனைப் பார்த்து, "முதலில் அதை அழி" என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

கட்டுக்கதை அல்ல. 1805 கடைசியிலும் 1806-இலும் சென்னைப் படைக்கு வந்த உத்தரவுகள் அப்படி. உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலைக்குத் தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை; அதில் தோல் சின்னம் வேறு! அடுத்தபடி மதத்தையே மாற்றிவிடுவார்கள் என்று சிப்பாய்களிடையே பேச்சுக் கிளம்பியது. வேலூரில் மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி தண்டனை. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. வெள்ளைக்காரர்கள் நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். பிற்பாடு தலைப்பாகை உத்தரவு வாபஸாயிற்று. கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஒரு தலைப்பாகைக்கு எத்தனை தலைகள்!

அன்று கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் மாண்டார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்து, தான் பட்ட பாட்டை எழுதி வைத்தாள். ஆகையால் அந்த வேஷத்துக்கு வசனம் தயாராக இருக்கிறது. சிப்பாய் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பேனா வாய்க்கவில்லை. திருத்தணியில் கோஷ்டி அமைந்தால், சகோதரிகளே, அடுப்பு மூட்டும் வேலையை யாரிடமாவது தள்ளிவிட்டு, இவள் வேஷத்துக்குப் பெயர் கொடுங்கள். புதுத் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் வாசலில் நிற்கிறான். போட்டுக்கொண்டால் சாதிசனம் சிரிக்கும். மறுத்தால் முதுகு கிழியும். கதவைத் திறக்கிறவள் அவனிடம் என்ன சொல்வாள்?