வி.ஆர் கருவியா, சீட்டுக்கட்டா? பக்கவாத சிகிச்சையில் ஒரு முக்கியக் கேள்வி!

பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான போராட்டமே தொடங்குகிறது. டம்ளரைப் பிடிக்க, சட்டைப் பட்டனைப் போட, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்து பழக வேண்டும். அப்போதுதான் சேதமடைந்த பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ளும். ஆனால், சில நாள்களிலேயே சலிப்புத் தட்டிவிடும்.

அந்தச் சலிப்பைப் போக்க வந்ததுதான் 'விர்ச்சுவல் ரியாலிட்டி' பயிற்சி. டி.வி திரையிலோ, கண்ணில் மாட்டும் கருவியிலோ ஒரு பந்து வரும். கையை நீட்டிப் பிடித்தால் பாயின்ட். விளையாட்டு போலவே பயிற்சி நடந்துவிடும்.

பலன் கிடைக்கிறதா?

கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2016-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினர் 'நின்டெண்டோ வீ' வீடியோ கேம் ஆடினார்கள். மற்றவர்கள் சீட்டு, பிங்கோ போன்றவற்றை ஆடினார்கள். இரு தரப்புக்கும் 2 வாரங்களில் 10 முறை, தலா ஒரு மணி நேரம். முடிவில் இரு தரப்பினரின் கைகளும் தேறியிருந்தன. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

72 ஆய்வுகளை அலசிய 2017 'காக்ரேன்' அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாகக் கொடுத்தால், கை இயக்கத்தில் கூடுதல் பலன் இல்லை. அதனுடன் சேர்த்துக் கொடுத்தால், பயிற்சி நேரம் கூடுவதால் பலன் இருக்கலாம்.

சொல்ல வேண்டிய உண்மை

'புது டெக்னாலஜி' என்றாலே நகையை அடகு வைத்தாவது கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் இந்த முடிவுகளை மறைக்காமல் சொல்வதுதான் மருத்துவ அறம்.

சம்மதமும் முக்கியம். பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவர் அல்ல. மகன் கையெழுத்துப் போட்டால் போதாது. படம் காட்டி, சைகையில் விளக்கி, அவரிடமும் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று அவர் தலையசைத்தால் நிறுத்த வேண்டும்.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

* பிசியோதெரபிஸ்ட் உடன் இருப்பாரா, கருவி மட்டும்தானா?
* தலைசுற்றினால், தடுமாறினால் பிடிக்க ஆள் உண்டா? வலிப்பு வந்தவருக்கு இது ஏற்றதா?
* கேமராவில் பதிவாகும் அசைவுகளை யார் பார்ப்பார்கள்?

கருவி வாங்க வசதியில்லையே என்று எந்தக் குடும்பமும் குற்ற உணர்வில் தவிக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்ய வைத்து, மாலையில் தாத்தாவோடு பேரன் உட்கார்ந்து சீட்டு ஆடினால், அதுவும் பயிற்சிதான்!