யாருக்காக ஓடுகிறார்கள் இந்தப் பெண்கள்?

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பமா உங்களுடையது? அப்படியானால் சிராங்கூன் சாலையின் விடியற்காலை உங்களுக்குப் புதிதாக இராது. தேக்கா சந்தையில் காய்கறிப் பெட்டிகள் இறங்கும். வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் பூமாலைகள் தொங்கத் தொடங்கும். சாப்பாட்டுக் கடைகளில் தோசைக்கல் காயும். அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, மரினா பே கடலோரத்தில், ஆண்டின் சில வார இறுதிகளில் வேறொரு காட்சியைப் பார்க்கலாம்.

பொழுது புலருமுன்பே பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி நிற்பார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரர் என்று எல்லா இனத்தாரும் உண்டு. முக்காடிட்ட பாட்டியும் இருப்பார், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த இளந்தாயும் இருப்பார். பலர் மேல் ரோஜா நிறச் சட்டை. சைகை கொடுத்ததும் கூட்டம் நகரும். முடிந்தவர் ஓடுவார், முடியாதவர் நடப்பார்.

"வயசுக்கு வந்த பொம்பளைங்க தெருவிலே ஓடுறதா!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மூக்கில் விரலை வைக்கக்கூடும். வைக்கட்டும். எதற்காக ஓடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த விரலை அவர்களே எடுத்துவிடுவார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக ஓடுகிறார்கள். சிங்கப்பூரானாலும் மலேசியாவானாலும், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது தெரியுமா? அமெரிக்காவில் சூசன் கோமன் என்ற பெண் 1980-இல், 36 வயதில், இந்நோயால் இறந்துபோனார். அவருடைய தங்கை நான்சி பிரிங்கர், அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். 1983-இல் டல்லஸ் நகரில் அது நடத்திய முதல் ஓட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் கலந்துகொண்டார்கள். அப்போதெல்லாம் மார்பகம் என்ற சொல்லைப் பத்திரிகையில் அச்சிடவே அமெரிக்கர்களும் கூசினார்களாம். கூச்சம் நமக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று எண்ண வேண்டாம்!

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கனடாவில் ஓர் இளைஞர் ஓடிக் காட்டியிருந்தார். டெர்ரி ஃபாக்ஸ் என்று பெயர். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பொய்க்காலை மாட்டிக்கொண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 1980 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாள் தவறாமல் ஏறக்குறைய 42 கிலோமீட்டர்! 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலைத் தொட்டுவிட்டது. மறு ஆண்டு ஜூனில், 22 வயதில், கண்ணை மூடினார். 'உன் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடக்கும்' என்று அவருக்குத் தந்தியில் வாக்களித்தவர் இசடோர் ஷார்ப். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்களின் அதிபர்; தம் மகனையே புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

அந்த வாக்கின் கிளையொன்று சிங்கப்பூருக்கும் வந்தது. டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டமாகத் தொடங்கி, பின்னர் 'ரன் ஃபார் ஹோப்' என்ற பெயரில், அந்நாளில் அங்கிருந்த ஃபோர் சீசன்ஸ், ரீஜன்ட் ஹோட்டல்களும் தேசியப் புற்றுநோய் மையமும் சேர்ந்து பல்லாண்டுகளாக நடத்திய ஓட்டம் அது. திரண்ட பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. பெண்களுக்கென்றே 2006-இல் கிரேட் ஈஸ்டர்ன் காப்புறுதி நிறுவனம் ஓர் ஓட்டத்தைத் தொடங்கியது. 1997-இல் அமைந்த மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளை நடத்தும் நடை ஒன்றும் உண்டு.

ஓடினால் நோய் தீருமா? நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற நாமே தைப்பூசத்தன்று என்ன செய்கிறோம்? சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் பால்குடத்தைத் தலையில் ஏற்றி, டாங்க் ரோடு தண்டாயுதபாணி சந்நிதி வரை வெறுங்காலோடு நடக்கிறோம். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று வேண்டி நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒருவருக்காக இன்னொருவர் உடம்பை வருத்திக்கொள்வது நமக்குப் பழகிய பாஷை. ஒரே ஒரு வித்தியாசம், இந்த ஓட்டத்தில் உண்டியல் ஆராய்ச்சிக்கூடத்தில் திறக்கிறது.

திறந்த உண்டியலில் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் டென்னிஸ் ஸ்லேமன் என்றொரு டாக்டர். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 'ஹெர்-2' என்ற புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து நோயை வேகமாக வளர்க்கிறது. அதற்குப் பூட்டுப் போட்டால் நோய் அடங்கும் என்பது அவர் கட்சி. போதிய பணம் கிடைக்காமல் அவர் தவித்த நாளில் கைகொடுத்தது, உதட்டுச் சாயம் விற்கும் ரெவ்லான் கம்பெனியின் நன்கொடை. அதை வாங்கித் தந்த லில்லி டார்டிகாஃப் என்ற அம்மையார், பின்னர் அதே ஊரில் பெண்களின் புற்றுநோய்க்காக ஓட்டமும் நடையும் ஏற்பாடு செய்தார். ஸ்லேமனின் ஆராய்ச்சியில் பிறந்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சிங்கப்பூரிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதை நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் குழாயும் குடுவையும் கிடையாது. 1990-களின் நடுவில், 50 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கடிதம் போட்டு, மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வாருங்கள் என்று அழைத்தார்கள். வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அழைப்புப் பெற்றவர்களில் பாதிக்கும் குறைவு! வீட்டு வேலை, வெட்கம், 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்ற நினைப்பு... காரணங்களை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐவரிடம் நோய் கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆரம்ப நிலையிலேயே அகப்பட்டது. 2002-இல் நாடு முழுவதற்குமான பரிசோதனைத் திட்டத்தைச் சிங்கப்பூர் தொடங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இனி நம் பக்கம் வருவோம். மலேசியாவில் 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி, மூன்றாம் நான்காம் கட்டத்துக்குப் போன பிறகே டாக்டர் கைக்கு வந்தது. பாதி, அம்மா, பாதி!

ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் லயத்திலோ, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமானிலோ அப்படி ஒருவர் இருந்திருப்பார். குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலித்தால்தானே நோய்? காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பார்க்க வருகிற நேரத்தில் இதை வெளியே சொல்லலாமா? 'கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவிடும்' என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? இப்படியே ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளி வருகிறது. கட்டி தோலை உடைத்த பிறகுதான் கணவருக்கே தெரிகிறது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. தோலில் குழி விழுவதும், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வதும், அதிலிருந்து இரத்தம் கசிவதும் எச்சரிக்கை மணிகள். கட்டியில் ஊசி போட்டுச் சோதிப்பதால் நோய் பரவாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதியும் இல்லை. அந்த அம்மாள் குடித்த கோப்பையைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் எது எது என்று கையால் தடவிப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. அரசாங்கக் கிளினிக்கில் பெண் தாதியே பார்ப்பார். சொக்சோ நிறுவனம் 2013-இல் 40 வயதைக் கடந்த சந்தாதாரர்களுக்கு இலவசச் சோதனைப் பற்றுச்சீட்டு வழங்கத் தொடங்கியது. பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரேயும் அதில் சேர்ந்திருந்தது. சம்பளத்தில் சொக்சோ பிடிக்கிறார்களல்லவா, இப்போது என்ன சலுகை உண்டு என்று கிராணியிடம் துணிந்து கேளுங்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். நீண்ட காலம் இந்நோயின் பரம்பரைக் கூறுகளை ஐரோப்பிய வம்சத்துப் பெண்களை வைத்தே ஆராய்ந்தார்கள். நம் இரத்தத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்துமா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன, மலாய், இந்தியப் பெண்கள் தம் இரத்தத்தைக் கொடுத்தார்கள். அதை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மலேசியப் பகுதியைக் கவனித்தது, நன்கொடையால் நடக்கும் மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐரோப்பியக் கணக்கு ஆசியப் பெண்களுக்கும் பெருமளவு உதவும் என்று தெரிந்தது. பெயர் தெரியாத நம் சகோதரிகள் சிலரும் அதில் இருக்கிறார்கள்.

சிராங்கூன் சாலைக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள கே.கே. ஆஸ்பத்திரியைப் பார்க்காமல் வர முடியாது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம்! மாடும் எருமையும் கட்டிய வட்டாரம் என்பதால் வந்த பெயர். 1966-இல் ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அந்நாளில் அது உலக சாதனை. உங்கள் சித்தியோ பெரியம்மாவோ அங்கே பிள்ளை பெற்றிருக்கலாம். 1997-இல் எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாறிய அதே ஆஸ்பத்திரியில் இன்று மார்பக நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குக் கூசாமல் படியேறியவர்கள், அதே பிள்ளைக்குப் பால் கொடுத்த மார்பைக் காட்டக் கூசுகிறோம். வேடிக்கைதான்.

ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசையா? தாராளமாகப் போகலாம். ஐந்து கிலோமீட்டர் என்று கேட்டு மலைக்காதீர்கள். வாளியும் காண்டாவுமாக மேடும் பள்ளமும் ஏறி மரம் சீவியவர்களுக்கும், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கும் கடலோரச் சிமெண்டுப் பாதை ஒரு பொருட்டா? முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பிள்ளைகள் கைப்பேசியிலேயே செய்து தருவார்கள். கட்டணம் உண்டு. அதில் ஒரு பங்கு சட்டைக்கும் தண்ணீருக்கும் மேடைக்கும் போய்விடும் என்பதால், எவ்வளவு நன்கொடையாகப் போகிறது, ஆராய்ச்சிக்கா நோயாளிகளின் ஆதரவுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரோஜா நிறச் சாயம் பூசிச் சரக்கை விற்கிற கம்பெனிகளும் உலகத்தில் இல்லாமல் இல்லை.

முதல் நாளே பாலத்தைத் தாண்டி உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். விடியற்காலையில் பாலத்து நெரிசலை நம்ப முடியாது. புதுச் சப்பாத்து வேண்டாம், காலைக் கடிக்கும். நெஞ்சில் குத்திக்கொள்ள எண் எழுதிய சீட்டும் ஊக்குகளும் தருவார்கள். உலகத்தில் பல ஊர்களில் இந்த ஓட்டங்களில் ஓடுகிறவர்கள், யாருக்காக ஓடுகிறோம் என்று பெயர் எழுதிய சீட்டையும் முதுகில் குத்திக்கொள்வது உண்டு. இரண்டு ஊக்குகள் கூடுதலாக எடுத்துப் போங்கள். அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம்.