மனையும் மன்றமும் – 23: பூங்கா யாருக்குச் சொந்தம்?

லேஅவுட் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுப்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் வரன்முறைக் கட்டணம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தீர்ப்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒருவர் மூன்று ஏக்கரை மனை பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சென்ட். சாலைக்கு 90 போனால் மிச்சம் 210. அதில் பத்தில் ஒரு பங்கு, 21 சென்ட், திறந்தவெளிக்கு. ஓ.எஸ்.ஆர். என்பார்கள். மொத்த இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம்.

இந்த 21 சென்டைக் காசு கொடுக்காமல் கேட்க முடியுமா? டெல்லியில் பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் தொடுத்த வழக்கின் கேள்வி இதுதான். பூங்காவுக்கும் பள்ளிக்கும் விட்ட இடத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்றது மாநகராட்சி. 1990-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலை இந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். இடம் ஒதுக்கச் சொல்லலாம். சட்டத்தில் வழியில்லாமல் உரிமையை இலவசமாக எழுதி வாங்க முடியாது. உரிமையாளர் வென்றார். ஆனால் அந்த இடத்தை அவர் விற்க முடியாது, அதில் வேறெதுவும் கட்ட முடியாது. குடியிருப்பவர்களுக்காக அதைக் காத்து நிற்கும் அறங்காவலர் போல ஆகிவிட்டார். பராமரிக்கும் பொறுப்பு மாநகராட்சிக்கு. சொத்து ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவருக்கு, நிர்வாகம் மூன்றாமவருக்கு!

தமிழ்நாட்டில் இப்படித் தானமாக எழுதி வாங்க விதியே உண்டு. தானம் என்றால் மனமுவந்து கொடுப்பது, கட்டாயப்படுத்தி வாங்குவது எப்படித் தானமாகும் என்று சென்னை வசந்த் அபார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் வழக்கில் வாதிட்டார்கள். 2023 பிப்ரவரி 13 அன்று நீதிபதிகள் கே.எம். ஜோசப், ஹிருஷிகேஷ் ராய் அமர்வு விதி செல்லும் என்றது. சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். அந்த 21 சென்டின் விலையை புரமோட்டர் தன் மடியிலிருந்து எடுத்து வைப்பதில்லை, மனை விலையில் ஏற்றிவிடுகிறார். கொடுத்தவர் மனை வாங்கியவர்தான். அங்கே சீமைக்கருவேலம் மண்டினால் ஏமாந்தவரும் அவரே.

கொடுத்த பிறகு கணக்கை யார் கேட்பது? இதற்குப் பதில் தேட உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குப் போக வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொது இடங்களுக்குத் தனித்தனி வாரியம் வைத்த ஊர் அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. சிற்றன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மைத்துனன் என்று உறவினர் பட்டியலே போட்டு அவர்களையும் விலக்கியிருக்கிறார்கள். இன்றைய ஓ.எஸ்.ஆர். பணத்துக்கும் இப்படியொரு கெடுபிடி வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் உங்கள் மனைக்கு மட்டும் வில்லங்கச் சான்று போட்டுவிட்டு வராதீர்கள். பூங்காவுக்கு விட்ட சர்வே எண்ணுக்கும் போடுங்கள். ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

வரன்முறைக் கட்டணம் அடுத்த வாரம். அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததிலிருந்து தொடங்குவோம்.