தேய்மானம் என்னும் சொல்லும் முழங்கால் நோயும்

ஒரு நோயின் தன்மையை அறியுமுன் அதன் பெயரையே நாம் அறிகிறோம். பெயர் தரும் பொருளே பல வேளைகளில் நோயாளியின் நடத்தையையும் வகுத்துவிடுகிறது. முழங்கால் மூட்டு நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

சித்த மருத்துவம் இந்நோயை 'அழல் கீல் வாயு' என்று வழங்குகிறது. கீல் என்பது மூட்டு. அழல் என்பது வெம்மை. வலியையும் வெம்மையையும் உணர்ந்தோர் இட்ட பெயர் அது. இன்றைய பொதுவழக்கோ 'எலும்புத் தேய்மானம்' என்பதாகும். வருமானம், கட்டுமானம், செரிமானம் என்பன போல வினையடியோடு 'மானம்' என்னும் ஈறு சேர்ந்து பிறந்த சொல் இது. கணக்கியலில் இச்சொல் இயந்திரங்களின் மதிப்புக் குறைவைச் சுட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த இயந்திரம் தேயும். ஆதலின் முழங்காலையும் பயன்படுத்தாதிருப்பதே நன்று என்னும் எண்ணம் இச்சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

இங்கு இரு பிழைகள் உள. முதலாவது, இந்நோயில் முதன்மையாக நலிவது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. எலும்பே அடர்த்தி குன்றுவது எலும்புப்புரை என்னும் வேறொரு நோய். இரண்டாவது, குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டு அழுந்தித் தளரும்போது, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, மூட்டுநீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டில் இவ்வூட்டம் குறையும், தொடைத் தசையும் மெலியும், மெலிந்த தசை மூட்டைத் தாங்காது, வலி மிகும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் சுமார் 52.8 கோடிப் பேர் இவ்வகை மூட்டு நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் சுமார் 36.5 கோடிப் பேருக்கு நோய் முழங்காலில். அந்நிறுவனமும் அனைத்துலக வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பும் 1981இல் தொடங்கிய 'காப்கார்ட்' திட்டம், மருத்துவமனையில் காத்திராமல் ஊர்களுக்கே சென்று வலியைக் கணக்கெடுத்தது. இந்தியாவில் புனே அருகிலுள்ள பிக்வான் சிற்றூரில் 1996இல் அக்கணக்கெடுப்பு தொடங்கியது. மலேசியாவில் இதே முறையில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதில் மூட்டு பற்றிய முறையீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு முழங்காலைப் பற்றியவை.

நீண்ட காலம் குந்துதல், முழந்தாளிடுதல், சுமை தூக்குதல் ஆகியவை இந்நோய்க்கு வழிகோலும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. செபராங் பிறைத் தோட்டங்களில் தாழ்ந்த வெட்டுக்காகக் குனிந்தும் குந்தியும் பால்மரம் வெட்டி, நிறைந்த வாளிகளைச் சுமந்த நம் முன்னோரின் முழங்கால்கள் பட்ட பாட்டை இதனால் உணரலாம். படியிறங்கும்போது முழங்கால் தாங்கும் விசை உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. தண்ணீர்மலையின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளில், ஏறுவதினும் இறங்குவதே முதியோரைப் பெரிதும் வருத்துவது இதனால்தான்.

இழந்த குருத்தெலும்பை முழுமையாக மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனினும் வலியைக் குறைக்கவும் நடையை மீட்கவும் வழிகள் உள. அளவான நடை, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, மிகையான எடையைக் குறைத்தல் ஆகியவை முதன்மையானவை. ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பற்றுதல் வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

'தேய்மானம்' என்பதற்கு மாற்றாக 'மூட்டு நலிவு' என்னும் தொடரை நாம் முன்மொழிகிறோம். தேய்ந்ததை எவரும் ஓரமாக வைத்துவிடுவர். நலிந்ததையோ பேணி வலுவூட்ட முனைவர். ஆசிரியர்கள் வகுப்பறையில் இவ்வேறுபாட்டை விளக்கினால், மாணவர்வழி அது வீட்டிலுள்ள பாட்டியையும் தாத்தாவையும் சென்றடையும். நாற்காலியை விட்டெழ அஞ்சும் ஒருவரேனும் அதனால் எழுந்து நடப்பாராயின், சொல்லாய்வு தன் பயனை எய்தியதாகும்.