விழித்திரை வீக்கத்தை அளக்கும் ஒளி

மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாய்க்காலில் வரும் நீரில் மிஞ்சியது வடிகால் வழியே வெளியேறும். வடிகால் அடைபட்டு, மடை மட்டும் திறந்தே கிடந்தால் என்ன ஆகும்? நீர் தேங்கும், வரப்பு கசியும். நம் கண்ணிலும் இப்படி நேர்வதுண்டு.

விழித்திரைக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. திரும்ப எடுத்துச் செல்வது சிரை. இவ்விரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் ஒரே உறைக்குள் ஒட்டியிருக்கின்றன. முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும் தமனியின் சுவர் தடித்தால், அது மெல்லிய சிரையை அழுத்துகிறது. இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகிறது. தேங்கிய இரத்தத்திலிருந்து நீர் கசிந்து, விழித்திரையின் மையமான மாகுலாவில் சேர்கிறது. இவ்வரிகளை நீங்கள் படிப்பது அந்தச் சிறு பகுதியால்தான்! அது வீங்கினால் எழுத்து மங்கும். நேர்க்கோடு வளைந்து தெரியும். ஆனால் வலி இராது. மற்றக் கண் நன்றாக இருந்தால் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கருவியால் உயிருள்ள கண்ணின் விழித்திரையைப் பார்க்க முடிந்தது. பின்னர்ப் புகைப்படமும் வந்தது. சிரை அடைபட்ட கண்ணின் படத்தில் சிவந்த இரத்தக் கசிவுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் வீக்கம் எவ்வளவு? கரையில் நின்று பார்த்துக் கண்மாயின் ஆழத்தைச் சொல்ல முடியுமா? நலமான மாகுலாவின் மையத் தடிப்பே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான்.

ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளக்கலாமே என்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். 10 மைக்ரோமீட்டர் ஆழ வேறுபாட்டுக்குப் போய்வரும் தொலைவு 20 மைக்ரோமீட்டர். இதைக் கடக்க ஒளிக்கு ஒரு வினாடியில் சுமார் 15 இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும்! எந்த மின்னணுக் கடிகாரமும் இதை நேரடியாக அளக்காது.

இங்கேதான் மைக்கல்சனின் குறுக்கீட்டுமானி கைகொடுக்கிறது. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆடிக்கும் மற்றொன்றைக் கண்ணுக்கும் அனுப்பி, திரும்பி வருபவற்றைச் சேர்க்கிறோம். ஒரே அலைநீளமுள்ள லேசர் ஒளியானால் எல்லா ஆழத்திலிருந்தும் குறுக்கீடு தோன்றும், பயனில்லை. பல அலைநீளங்கள் கலந்த அகச்சிவப்பு ஒளியானால், இரு பாதைகளும் சில மைக்ரோமீட்டருக்குள் சமமாகும் ஆழத்தில் மட்டுமே குறுக்கீடு தோன்றும். வகுப்பில் குறுக்கீட்டைக் காட்ட ஒரே நிற ஒளியைத் தேடுகிறோம். இங்கோ கலப்பு ஒளிதான் நுட்பமான அளவுகோல்! ஆடியை நகர்த்தி ஆழம் ஆழமாக அளந்தது பழைய முறை. இன்றைய கருவிகளில் ஆடி அசைவதில்லை. திரும்பிய ஒளியின் நிறமாலையிலிருந்து எல்லா ஆழங்களையும் கணிப்பொறி ஒருங்கே கணக்கிடுகிறது.

டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் 1991-இல் வெளியிட்ட இம்முறைக்கு ஓ.சி.டி. என்று பெயர். படத்தில் விழித்திரை, வெட்டிய வெங்காயம்போல அடுக்கடுக்காகத் தெரியும். தேங்கிய நீர் ஒளியை அதிகம் சிதறச் செய்யாததால் கரிய குழிகளாகக் காணும்.

மதுரை அண்ணா நகரில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று உலகின் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்று. இதுபோன்ற மருத்துவமனைகளில் ஓ.சி.டி. அன்றாடச் சோதனையாகிவிட்டது. அடைப்பால் மிகுதியாகச் சுரந்து கசிவை வளர்க்கும் ஒரு புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் ஓர் ஊசி போதாது. ஒவ்வொரு முறையும் புதிய படத்தைப் பழைய படத்துடன் ஒப்பிட்டு, அடுத்த ஊசி எப்போது என முடிவு செய்கிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி வரும் கிராமத்தாருக்கு இம்முடிவு சிறிய செய்தியன்று.

ஆனால் வீக்கம் வடிந்தாலும் பார்வை முழுவதும் திரும்பும் என்பதில்லை. நெடுநாள் நீரில் ஊறிய ஒளியுணர் செல்கள் சிதைந்திருக்கலாம். ஆகவே படம் எடுத்த பின்பும், சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்கிறார்கள்.