வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை

கேரளத்தில் கொச்சி ஒரு பெரிய நகரம். அங்கே 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. டிக்கெட் கொடுக்கவும், நிலையத்தைச் சுத்தம் செய்யவும் ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் திருநர். பத்திரிகைகள் எல்லாம் பாராட்டி எழுதின.

சில வாரங்கள் சென்றன. அவர்களில் சிலர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஏன்? வேலை பிடிக்கவில்லையா? அப்படி இல்லை. தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. திருநர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் இடம் இல்லை என்றார்கள். லாட்ஜில் நாள் வாடகை கொடுத்துத் தங்க வேண்டி வந்தது. சம்பளத்தில் பெரும் பகுதி அதற்கே போயிற்று.

வேலை கொடுத்தது நிர்வாகம். வீடு கொடுக்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள். அங்கேதான் கதவு அடைபட்டது.

திருநர் என்பவர் யார்?

குழந்தை பிறந்ததும் உடலைப் பார்க்கிறோம். ஆண் என்கிறோம், அல்லது பெண் என்கிறோம். பெரும்பாலோருக்கு அது பொருந்திவிடுகிறது. சிலருக்குப் பொருந்துவதில்லை. பையன் என்று வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை, மனதளவில் தன்னைப் பெண்ணாக உணர்கிறது. சிலருக்குச் சின்ன வயதிலேயே இது தெரிகிறது. சிலருக்கு வளர்ந்த பிறகு தெரிகிறது. இவர்களைத் திருநங்கை என்கிறோம். பெண் என்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை. வெளியே சொல்ல முடியாமல், பெண்ணாகவே கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, உள்ளுக்குள் புழுங்குபவர்கள் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பெயர்தான் திருநர்.

இது நோயா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், மனநோய்களின் வரிசையில் இது இல்லை. சாபமா? அதுவும் இல்லை. பழகினால் ஒட்டிக்கொள்ளாது. தாய் வளர்த்த விதத்தால் வந்ததும் அல்ல. அடித்தாலும் மாறாது. மந்திரித்தாலும் மாறாது.

வட இந்தியாவில் திருநங்கைகளை ஹிஜ்ரா என்றும் கின்னர் என்றும் சொல்வார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வருவார்கள். பாடி, ஆடி, ஆசீர்வாதம் செய்வார்கள். அங்கே இது வெகு காலத்து வழக்கம். வெள்ளைக்காரர் ஆட்சி 1871-இல் ஒரு சட்டம் போட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதில் இவர்களையும் சேர்த்தார்கள். இவர்கள் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அப்படிப் பதிவானவர் சேலை கட்டி வெளியே வந்தால் 2 ஆண்டு வரை சிறை! சேலை கட்டுவது ஒரு குற்றமா? அந்தச் சட்டம் போய்விட்டது. சந்தேகக் கண் மட்டும் போகவில்லை.

'கை தட்டிக் காசு கேட்கிறார்களே, உழைத்துப் பிழைக்கலாமே' என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் 'ஒன்பது' என்று கேலி செய்கிறார்கள். படிப்பு நின்றுபோகிறது. வீட்டில் அடித்து விரட்டுகிறார்கள். படிப்பும் இல்லாமல், வீடும் இல்லாமல் என்ன வேலை கிடைக்கும்? உழைக்க வந்தவர்களுக்குக் கொச்சியில் என்ன நடந்தது என்று பார்த்தோமே. சாபம் விடுவார்களோ என்று பயந்து காசு கொடுப்பவர்களும் உண்டு. பயந்து கொடுப்பது மரியாதையில் சேராது.

சத்தீஸ்கர் மாநிலத்தில் மது பாய் கின்னர் என்ற திருநங்கை இருக்கிறார். ரயிலில் பாடி ஆடிப் பிழைத்தவர். 2015-இல் ராய்கர் நகரத்தில் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். மேயர் ஆனார்!

நீங்கள் இப்போது விண்ணப்பம் நிரப்பப் பழகியிருப்பீர்கள். பெயர், வயது, ஊர் எழுதுகிறோம். ஆணா, பெண்ணா என்ற இடத்தில் யோசிக்காமல் குறி போடுகிறோம். திருநருக்கு அந்த இடத்தில் பேனா நின்றுவிடும். 2009-இல்தான் தேர்தல் ஆணையம் 'மற்றவர்' என்று எழுத வழி செய்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கில் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் பேர் அப்படிப் பதிவானார்கள். சொல்லத் தயங்கியவர்கள் இதில் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அரசியல் சட்டம் தரும் உரிமைகள் இவர்களுக்கும் உண்டு என்று சொன்னது.

2019-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. படிப்பு, வேலை, மருத்துவம், வாடகை வீடு எதிலும் இவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. திருநர் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. பெற்றவர்களே விரட்டும்போது சட்டம் என்ன செய்யும் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லும் அந்த ஆண்டுகளில்தான் பரவியது. பழைய சொற்கள் அவர்கள் மனதைப் புண்படுத்தும். திருநங்கையை வயதுக்குத் தக்கபடி அக்கா, தங்கச்சி, அம்மா என்று கூப்பிடலாம். திருநம்பியை அண்ணன், தம்பி எனலாம். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்கலாம். பழைய பெயர் என்ன, ஆபரேஷன் ஆயிற்றா என்றெல்லாம் கேட்க வேண்டாம். வேறு யாரிடமாவது நாம் அப்படிக் கேட்போமா? வீடு கேட்டு வந்தால், எல்லோரிடமும் கேட்பதையே கேட்கலாம். என்ன வேலை? எத்தனை பேர் இருப்பீர்கள்? எப்போது குடி வருகிறீர்கள்?